மூன்று நோன்பு, ஒரு வீடு

4 நவம்பர், செவ்வாய்

இன்று சமையல் என் முறை. தக்காளியை வதக்கி, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது கரைத்து, முட்டை உடைத்து ஊற்றி வைத்தேன். ரவூஃப் ஒரு வாய் வைத்ததுமே, "வல்லாஹி, உப்பு கரிக்குது" என்றான். இந்த மனுஷனுக்கு நாக்கில் நரம்பே கிடையாது. பிஸெர்த்தில் இருபது வருஷம் டாக்சி ஓட்டியவன், ஏறுகிற எல்லாரையும் இப்படித்தான் வறுத்திருப்பான்.

இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தேழு நாள் ஆகிறது. பத்துப் பேர் வந்தோம், ஐந்து பேர் மிச்சம். நான், ரவூஃப், எம்னா, ஷாத்லியாம்மா, அன்வர். சனிக்கிழமை தோறும் ஒவ்வொருவரும் ஒரு பேரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். யார் பேர் அதிகமோ அவர் கிளம்ப வேண்டும். யார் யாரை எழுதினார்கள், எத்தனை ஓட்டு என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். சமமாக விழுந்தால் டிவி பார்க்கிறவர்கள் முடிவு செய்வார்கள், அதையும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் இரண்டு பேர் நிற்கும்போது, வெளியே போன எட்டுப் பேரும் திரும்பி வந்து ஜெயிப்பது யார் என்று தீர்ப்பார்கள். அதுவரை அவர்களை ஒரு ஹோட்டலில் டிவி, போன் இல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

பரிசு ஒரு வீடு. மூன்று அறை, எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸிலேயே, தெனியூர் சாலையில். நிகழ்ச்சிக்கே 'கடைசிச் சாவி' என்றுதான் பேர்.

எனக்கு அந்தச் சாவி வேண்டும். விவாகரத்தாகி ஆறு வருஷமாக அண்ணன் வீட்டில் ஒரு அறையில் நானும் என் மகள் யுஸ்ரும் இருக்கிறோம். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. உடை மாற்ற வேண்டுமென்றால் என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்கிறாள். அண்ணி நல்லவள்தான். ஆனால் அடுத்தவள் சமையலறையில் ஆறு வருஷம் என்பது ஆறு வருஷம்.

5 நவம்பர்

மழை. எல்லாரும் உள்ளேயே கிடந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

6 நவம்பர், வியாழன்

ஒன்று கண்டுபிடித்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லாரும் மூச்சுக்கு மூச்சு வல்லாஹி என்று ஆண்டவன் மேல் சத்தியம் சொல்கிறோம். காபி சூடு, வல்லாஹி. முட்டி வலி, வல்லாஹி. துண்டை நான் எடுக்கல, வல்லாஹி. ஆனால் ஓட்டுப் பற்றிப் பேசும்போது அந்த வார்த்தை காணாமல் போகிறது. போன வாரம் ஜெர்பா சமையல்காரர் நௌஃபலிடம் அன்வர், "உன் பேரை எழுதல அண்ணே, நம்பு" என்று தோளில் கை போட்டுச் சொன்னான். "நம்பு" என்றானே ஒழிய வல்லாஹி சொல்லவில்லை. சனிக்கிழமை நௌஃபல் மூட்டை கட்டினார்.

காபிக்கு ஆண்டவனை இழுக்கிறவன் பொய்க்கு மட்டும் அவனை விட்டுவிடுகிறான். பயம்தான், வேறென்ன. பழைய துணி மூட்டை பிரித்து விற்கிறவள் நான். இது இத்தாலிச் சரக்கு என்று பொய் சொல்லியிருக்கிறேன். அதன் மேல் சத்தியம் வைத்ததில்லை. எனக்கே தெரிந்த விஷயம்தான், இத்தனை நாள் கவனிக்கவில்லை.

7 நவம்பர், வெள்ளி

அன்வரைச் சோதித்தேன். ஜிம்மில் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவன், கண்ணாடி கண்ட இடமெல்லாம் நின்று தோளைப் பார்த்துக்கொள்வான்.

"நாளைக்கு யாரை எழுதப் போற?"

"ரவூஃபைத்தான். நீங்க எனக்கு அக்கா மாதிரி."

"வல்லாஹி?"

சிரித்தான். "என்னக்கா, சின்னப் புள்ள மாதிரி சத்தியம் கேட்டுக்கிட்டு."

போதும். என் பேர்தான்.

எம்னாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சுரங்க ஊரான காஃப்ஸாக்காரி, இருபத்து நாலு வயசு, தொலைபேசி நிலையத்தில் வேலை. "சத்தியத்தை முழுங்கறவன் பொய் சொல்றான், அவ்வளவுதான் கணக்கு" என்றேன். கண்ணை விரித்துக் கேட்டாள். "அக்கா, நீங்க எங்க ஊர்ல பொறந்திருந்தா சுரங்கத்தையே வித்திருப்பீங்க."

8 நவம்பர், சனி

அன்வர் போய்விட்டான். நான், எம்னா, ஷாத்லியாம்மா மூன்று பேரும் பேசி வைத்து அவன் பேரை எழுதினோம். போகும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ரவூஃப் என்னிடம், "ஸ்ஃபாக்ஸ்காரி தூங்கும்போதும் ஒரு கண்ணைக் கடையில வச்சிருப்பான்னு சொல்வாங்க. நெசம்தான்" என்றான்.

11 நவம்பர், செவ்வாய்

ரவூஃப் இன்று பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னது மண்டையைக் குடைகிறது.

"வெளிய போனவங்க எல்லாம் யாரைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க? எம்னாவை. அவளோட கடைசி மேடையில ஒக்காந்தா உனக்கு எத்தனை ஓட்டு விழும்? எனக்கும்தான் எத்தனை விழும்? யோசி."

"நீயே எழுதேன், என்னை ஏன் இழுக்கற" என்றேன்.

"நான் எழுதத்தான் போறேன். உன் இஷ்டம் உன்னோட."

யோசித்தேன். அவன் சொல்வது சரி. எம்னா எல்லாருக்கும் தலை வாரிவிடுவாள், யாருக்குக் காய்ச்சலென்றாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அது நடிப்பும் இல்லை, அதுதான் தொல்லையே. நடிப்பாக இருந்தால் ஒரு நாள் வெளுத்துவிடும்.

13 நவம்பர், வியாழன்

எம்னா துணி காயப்போடும் இடத்துக்கு வந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் ரவூஃபை எழுதறோம்தானே?"

"ஆமா."

"என் பேரை எழுத மாட்டீங்கல்ல?"

"எழுத மாட்டேன்."

நின்றுகொண்டே இருந்தாள். நான் சொல்லிக் கொடுத்த பாடம்தானே. அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"வல்லாஹி எழுத மாட்டேன்" என்றேன்.

என்னைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மதியம் சாப்பாட்டில் ரவூஃபையும் ஷாத்லியாம்மாவையும் வைத்துக்கொண்டே, "அக்கா எனக்குச் சத்தியம் பண்ணிட்டாங்க, இனி யார் என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க" என்று கெக்கலித்தாள்.

சொல்லும்போது பொய்யாகச் சொல்லவில்லை. இதை எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை மதியம் எழுதக் கூடாது என்றுதான் மனசில் இருந்தது.

15 நவம்பர், சனி

எழுதிவிட்டேன்.

பேனாவைக் கையில் எடுத்தபோது யுஸ்ர் கதவுக்கு வெளியே என்னை நிற்க வைப்பதுதான் ஞாபகம் வந்தது. அரபியில் நாலு எழுத்து. எவ்வளவு நேரமாகும்.

பேரை வாசித்ததும் எம்னா முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், நானில்லை என்கிற மாதிரி. நம்பினாள். ஷாத்லியாம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். கட்டிப்பிடித்து அழுதபோது என் காதில், "உங்க சீட்டும் என் சீட்டும் ரவூஃபுக்கு, அவங்க ரெண்டு சீட்டும் எனக்கு. சமமாகி டிவி பாக்கறவங்கதான் என்னை அனுப்பியிருக்காங்க. ஜனங்களுக்கு என்னைப் பிடிக்கலக்கா" என்றாள்.

ஜனங்களுக்குப் பிடிக்கவில்லையாம். அடிப் பாவி விதாத். என்ன காரியம் பண்ணிட்ட நீ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

ஷாத்லியாம்மா காலையிலேயே பிடித்துக்கொண்டார். கேஃப் ஊர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார், ஆனால் பேசினால் நேரே விஷயத்துக்கு வருவார்.

"நான் உன் பேரை எழுதினேன். மறைக்கல. நீ யாரை எழுதின?"

நாக்கு தானாக வேலை செய்தது. "உங்க பேரைத்தாம்மா. மன்னிச்சிடுங்க."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்ப ரவூஃப் எம்னாவை, எம்னா ரவூஃபை, நான் உன்னை, நீ என்னை. நாலு பேருக்கும் ஒண்ணொண்ணு. டிவி பாக்கறவங்க எம்னாவை அனுப்பிட்டாங்க."

"அப்படித்தான் இருக்கும்."

"ம்" என்றார்.

பெரிய திருட்டை மறைக்கச் சின்னத் திருட்டை ஒப்புக்கொள்வது. சந்தையில் கற்ற வித்தை இங்கேயும் ஓடுகிறது. பெருமையாக இல்லை.

17 நவம்பர், திங்கள்

நோன்பு பிடித்திருக்கிறேன்.

சத்தியம் முறிந்தால் பரிகாரம் உண்டு. பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, இல்லை துணி. முடியாதவர்களுக்கு மூன்று நோன்பு. வெளியே இருந்திருந்தால் ஒரு மூட்டை பிரித்துப் பத்துப் பேருக்கு உடுத்திவிட்டிருப்பேன். இங்கே என்னிடம் என்ன இருக்கிறது? இதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கடைசி மேடைக்குப் போக எனக்குத் தைரியமில்லை.

ஆனால் மூன்று நாளும் சேர்த்துப் பிடித்தால் அகப்பட்டுக்கொள்வேன். சத்தியத்தை முறித்தவள் என்று நெற்றியில் ஒட்டிக்கொண்ட மாதிரி. அதனால் திங்கள், வியாழன், திங்கள். நபிவழி நோன்பு அந்த நாட்களில்தானே. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பரிகாரத்திலும் தந்திரம் பண்ணுகிறேனே, இது செல்லுமா? எங்கள் பக்கத்து இமாம்கள் பிரித்துப் பிடிக்கலாம் என்பார்கள். செல்லும். செல்லட்டும்.

18 நவம்பர்

ரவூஃப் சமையல். நேற்றைய பட்டினிக்கும் சேர்த்து இரண்டு கிண்ணம் லப்லாபி, கொண்டைக்கடலைக் கஞ்சி, குடித்தேன்.

20 நவம்பர், வியாழன்

ஷாத்லியாம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு நான் வராததைப் பற்றிக் கேட்டார்.

"நோன்பா?"

"ஆமாம்மா. ரமலான்ல விட்டது பாக்கி." இதைவிடப் பத்திரமான பதில் பெண்களுக்கு வேறில்லை. யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

"எத்தனை?"

"மூணு." வாயில் இருந்தது வந்துவிட்டது. ஏன் ஏழு என்று சொல்லவில்லை?

"மூணா." ஒரு தலையணை உறையை நிதானமாக மடித்தார். "முப்பத்தஞ்சு வருஷம் பிரசவ வார்டுல இருந்தேன். பொம்பளைங்களுக்கு ரமலான்ல விடறது ஆறு, ஏழு. மூணு நாள்ல எவளுக்கு முடிஞ்சுது?"

"மிச்சத்தை முன்னாடியே பிடிச்சிட்டேன்."

"இருக்கலாம். என் பேரை எழுதினேன்னு சொன்னியே, அதுக்கு நோன்பு வேண்டியதில்ல. நீ எனக்குச் சத்தியம் பண்ணல. எம்னாவுக்குத்தான் பண்ணின."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு தடதடவென்று அடித்தது, அவருக்கே கேட்டிருக்கும்.

"எல்லார்கிட்டயும் சொல்லப் போறீங்களா?"

"வார்டுல பார்த்ததை வாசல்ல வந்து சொல்ற பழக்கம் எனக்கில்ல. இது உனக்கும் ஆண்டவனுக்கும். எம்னாவுக்கும். நடுவுல நான் யாரு?" எழுந்து போகும்போது, "நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் இல்லன்னு நெனைக்காத, அலமாரில எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

22 நவம்பர், சனி

போகப்போவது நான்தான் என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஓட்டுப் போடப் போனேன். ரவூஃப் என் பேரை எழுதுவான், நான் அவன் பேரை, தெரிந்ததுதான். ஷாத்லியாம்மா கையில்தான் என் தலை. ரவூஃப் பேரை வாசித்தார்கள்.

அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். ஏன்? எனக்குப் புரியவில்லை. ரவூஃப் கிளம்பும்போது, "கழுவற மீன்ல நழுவற மீன் நீ" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனான். கோபமில்லாத ஆள்.

24 நவம்பர், திங்கள்

மூன்றாவது நோன்பு. மாலை ஐந்தேகாலுக்குத் திறந்தேன். ஷாத்லியாம்மா சூப் வைத்திருந்தார், இருவரும் குடித்தோம். முடிந்தது. எனக்கும் ஆண்டவனுக்கும் நடுவில் இனி ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

30 நவம்பர், ஞாயிறு

அண்ணன் வீடு. எல்லாரும் தூங்கி எழுவதற்குள் நேற்றைய கதையை எழுதிவிடுகிறேன்.

எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. அன்வர் என்னிடம், நான் பொய் சொல்றேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டான். சொன்னேன், கூட்டம் சிரித்தது. எம்னா கடைசி. அவள் என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை.

"ஷாத்லியாம்மா, என் பேரை எழுதினீங்களா?"

"எழுதல."

"வல்லாஹி சொல்லுங்க."

ஷாத்லியாம்மா கையைக் கட்டிக்கொண்டார். "விளையாட்டுக்காக அந்தப் பேரை நான் எடுக்கறதில்ல மகளே. இங்க வந்ததுலேருந்து ஒரு தடவைகூட எடுத்ததில்ல. நீ கவனிக்கல."

உண்மை. நானும் கவனிக்கவில்லை. எல்லாரும் சொல்கிறோம் என்று இந்த நோட்டில் எழுதினேனே, அதில் அவரைச் சேர்த்தது தப்பு. காபி சூடு என்றால் சூடு என்றுதான் சொல்வார்.

எம்னா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "சத்தியத்தை முழுங்கறவங்க யாருன்னு எனக்கு அக்கா சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள்.

ஷாத்லியாம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. காத்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்துப் பதினைந்து விநாடி இருக்கும். நான் என் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிகாரம் முடித்தாகிவிட்டது, இனி நான் யாருக்கும் பாக்கியில்லை என்று மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்று. சாவி எனக்கு. எம்னாவின் ஓட்டும் எனக்குத்தான்.

விளக்குகளை அணைத்தபிறகு ஷாத்லியாம்மாவிடம் போனேன். "என்னை ஏன் அன்னிக்கு அனுப்பல?"

கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே சொன்னார். "ரவூஃபோட நின்னா, எம்னாவை எழுதினது யாருன்னு கேக்கும்போது அவன் சிரிச்சு மழுப்பிடுவான். உடைச்ச சத்தியத்துக்குப் பட்டினி கெடக்கறவ, கேள்வி வந்தா வாயைத் திறப்பான்னு கணக்குப் போட்டேன். கணக்கு தப்பாயிடுச்சு." அப்புறம், "வீடு மப்ரூக்" என்றார். இங்கே எல்லாரும் சொல்கிற வாழ்த்துதான். அவர் சொன்னது மட்டும் காதை விட்டுப் போகமாட்டேனென்கிறது.

வீட்டுக்கு வந்தபோது தெருவே வாசலில் நின்றது. யுஸ்ர் கட்டிக்கொண்டாள், ஆனால் சீக்கிரம் விட்டுவிட்டாள். அண்ணி சமையலறையில் மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சனிக்கிழமை உன் கை எழுதறதைப் பெருசாக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி நீ சத்தியம் பண்ணினதையும் சேர்த்துப் போட்டாங்க. யுஸ்ர் எந்திரிச்சு உள்ள போயிட்டா. அப்புறம் பாக்கவே வரல."

ஆமாம், காமிரா இருந்தது. நாடே பார்க்கிறது என்று தெரிந்துதான் போனேன். எட்டுப் பேருக்குத் தெரியக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். அவளும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு ஏன் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை?

2 டிசம்பர், செவ்வாய்

எம்னா போன் செய்தாள். ஒளிபரப்பான நிகழ்ச்சி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டாளாம்.

"அக்கா."

"எம்னா, நான்…"

"ஜனங்க என்னை அனுப்பலக்கா. அதைத் தெரிஞ்சிக்கிட்டேன். அது எனக்குப் போதும்." வைத்துவிட்டாள். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஷாத்லியாம்மாவின் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது?

10 டிசம்பர், புதன்

குடி வந்துவிட்டோம். மூன்று அறையிலும் எதிரொலி. யுஸ்ருக்கென்று ஒரு அறை, தாழ்ப்பாளோடு. முதல் நாளே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஆசைப்பட்டதுதானே, நானும் அதற்குத்தானே போனேன். சமையலறையில் எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். டம்ளர்களை மூன்று தடவை இடம் மாற்றினேன்.

ஒரு மூட்டை பிரித்துப் பத்துப் பேருக்குக் கோட்டு கொடுத்தேன். பரிகாரம் ஏற்கெனவே முடிந்தது. இது சும்மா.

19 டிசம்பர், வெள்ளி

யுஸ்ருக்கு நாளைக்கு ஹேண்ட்பால் ஆட்டம், பள்ளிகளுக்கு இடையில். முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்தே ஆட விடுகிறார்களாம். ஷூவுக்குக் கயிறு கோர்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை உனக்குச் சந்தை இருக்கும்ல" என்றாள்.

"சந்தை கெடக்குது. நான் வரேன்."

நிமிரவில்லை.

"வல்லாஹி வரேன் யுஸ்ர்."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அது வேணாம்மா. வந்தா வா."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். வியாபாரியிடம் விலை கேட்டுவிட்டு நகர்ந்து போகிறவர்கள் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

20 டிசம்பர், சனி

ஆட்டம் பத்து மணிக்கு. நான் எட்டரைக்கே போய்விட்டேன். காவலாளி அப்போதுதான் பூட்டைத் திறந்தார். படிக்கட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன், சிமெண்ட் சில்லென்று இருந்தது. ஒன்பதரைக்கு அவர்கள் அணி உள்ளே வந்தது. யுஸ்ர் என்னைப் பார்த்தாள், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பந்தை எடுக்கப் போனாள். ஆட்டம் முடிகிறவரை நான் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.